சென்னை ஏரிகளில் புரட்டாசி முதல் கார்த்திகை வரை: பறவைகளையும் பிற உயிர்களையும் பதிவு செய்வது எப்படி?

ஏரிக்கரைக்குப் போய்ப் பறவை பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்ததைப் பின்னால் யாருக்காவது பயன்படும்படி பதிந்துவைப்பதில்தான் சிக்கலெல்லாம் தொடங்குகிறது. எந்தச் செயலி, எந்தக் கரை, யாரிடம் அனுமதி, எண்ண முடியாத கூட்டத்தை எப்படி எழுதுவது, பதிவைச் சரிபார்க்கச் சொல்லி வரும் மின்னஞ்சலுக்கு என்ன பதில் போடுவது என்று ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். கேட்ட இடத்திலெல்லாம் "போகப் போகப் பழகிவிடும்" என்றார்கள். பழகியது உண்மை. அதற்குள் ஒரு பருவம் கையைவிட்டுப் போய்விட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அபூர்வமான பறவையின் அழகான படம் ஒன்றைவிட, ஒரே ஏரியில் வாரந்தவறாமல் எடுத்த சாதாரணப் பட்டியல்கள் (எந்தப் பறவை, எத்தனை என்ற கணக்கு) மதிப்பு மிக்கவை. 2020-லும் 2023-லும் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைகள் இப்படிப் பொதுமக்கள் கொடுத்த பட்டியல்களை வைத்தே எழுதப்பட்டவை. காகத்தையும் மடையானையும் எழுதாமல் விடும் பட்டியலை வைத்துக்கொண்டு, காகமும் மடையானும் குறைகின்றனவா என்று எவராலும் சொல்ல முடியாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தச் சாதாரணப் பட்டியலை ஒழுங்காக எடுப்பதற்கானவை.

1. ஒரே ஓர் ஏரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய ஏரி எதுவோ, அதுதான் உங்கள் ஏரி. ஆவடியில் இருப்பவர் பள்ளிக்கரணைக்கு ஒரு ஞாயிறு ஆசையாகப் போவார். வாராவாரம் போக மாட்டார். மேற்கிலும் வடக்கிலும் இருப்பவர்களுக்குக் கொரட்டூர், அம்பத்தூர், ரெட்டேரி இருக்கின்றன. தாம்பரம் பக்கத்தில் சிட்லப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம். வேளச்சேரிக்குத் தெற்கே இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் பக்கத்திலேயே கிடக்கின்றன.

ஏரியின் ஆழத்தைக் கவனியுங்கள். புழல், செம்பரம்பாக்கம், போரூர் போன்ற ஆழமான நீர்ப்பரப்பில் நீர்க்காகம், கூழைக்கடா, முக்குளிப்பான், ஆலா ஆகியவை கிடைக்கும். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வேண்டுமென்றால் சேறு தெரியும் ஏரி வேண்டும். கேளம்பாக்கம், கோவளம் பக்கத்துக் காயலும் அடையாறு முகத்துவாரமும் உப்புநீர் என்பதால் அங்கே பட்டியலே வேறு மாதிரி இருக்கும். ஓதம் வற்றியிருக்கும் நேரம் பார்த்துத்தான் அங்கே போக வேண்டும்.

வேடந்தாங்கலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். டிக்கெட் எடுத்து உள்ளே போகும் சரணாலயம். கூட்டம் களைகட்டுவது டிசம்பர், ஜனவரியில். குடும்பத்தோடு போய் வாருங்கள். வாரப் பதிவுக்கு அது ஆகாது.

ஏரியை முடிவுசெய்ததும் பைனாகுலர் இல்லாமல் ஒருமுறை பகலில் சுற்றி வாருங்கள். கரையில் எதுவரை நடக்கலாம், எங்கே நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கின்றன, எங்கே கழிவுநீர் கலக்கிறது என்று தெரிந்துவிடும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும், மாலையில் மறுகரை. வெயில் முதுகில் விழ வேண்டும். வண்டி நிறுத்த வசதியாக இருக்கிறது என்று மேற்குக் கரையில் காலையில் போய் நின்றால் உங்களுக்குத் தெரிவதெல்லாம் கருப்பு உருவங்கள்தான். எந்த விலை பைனாகுலரும் அதற்கு உதவாது.

2. அந்த ஏரி யாருடையது? அனுமதி, ஆவணம்

பொதுச் சாலை, மாநகராட்சி நடைபாதை, பூங்காவாக மாற்றப்பட்ட கரை ஆகிய இடங்களில் நின்று பறவைகளை எண்ணுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆதார் அல்லது வேறு அடையாள அட்டையின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். காலை ஆறு மணிக்குக் கழுத்தில் பைனாகுலரோடு நிற்பவரைக் காவலர் கேள்வி கேட்பது இயல்பு. செயலியைத் திறந்து நேற்றைய பட்டியலைக் காட்டினால் பெரும்பாலும் பேச்சு சுமுகமாகிவிடும்.

சிக்கல் வருவது மூன்று வகை இடங்களில்.

முதலாவது, குடிநீர் ஏரிகள். செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி ஆகியவை நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளவை. கரையின் சில பகுதிகளில் நுழைய விடமாட்டார்கள். மழைக்காலத்தில் உபரிநீர் திறக்கும் நாட்களில் கெடுபிடி கூடும். மதகு, ஷட்டர் பக்கம் கேமராவைத் திருப்பவே திருப்பாதீர்கள்.

இரண்டாவது, வனத்துறை நிலம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதி 2007 முதல் காப்புக்காடு. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பொதுமக்களுக்கான சூழலியல் பூங்காவின் நடைபாதையிலிருந்து தாராளமாகப் பட்டியல் எடுக்கலாம். வேலியைத் தாண்டக் கூடாது. நன்மங்கலம் காப்புக்காட்டுக்கும் இதே விதிதான். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யவோ படம்பிடிக்கவோ 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. பொழுதுபோக்காகப் பார்க்க வருபவருக்கு நுழைவுச்சீட்டே போதும்.

அனுமதிக் கடிதம் எழுத நேர்ந்தால் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். பெயர், முகவரி, கைபேசி எண், எத்தனை பேர், எந்த இடம், எந்தத் தேதிகள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன கருவிகள், எதற்காக என்பவை இருந்தால் போதும். அடையாள அட்டை நகலை இணையுங்கள். மாணவராக இருந்தால் கல்லூரித் துறைத்தலைவரின் கடிதம் கூடுதல் பலம். எந்த அலுவலகம் என்பதை அந்த இடத்தின் வனக்காவலரிடமே கேளுங்கள். அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிட்டு வாருங்கள். முத்திரை வாங்காத என் கடிதம் ஒன்று ஓர் அலுவலகத்தில் "மேலே போயிருக்கிறது" என்ற பதிலோடு மழை முடியும் வரை கிடந்தது. ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுவது உத்தமம்.

மூன்றாவது, படைத்துறை நிலங்களை ஒட்டிய பகுதிகள். தாம்பரம் விமானப்படைத் தளம், பரங்கிமலை, ஆவடி ஆகிய பக்கங்களில் நீண்ட லென்ஸோடு நிற்பது வம்பை விலைக்கு வாங்குவது. பைனாகுலரைக்கூட உள்ளே வையுங்கள்.

ட்ரோன் பற்றி ஒரே வரி: வேண்டாம். விமான நிலையமும் விமானப்படைத் தளமும் இருக்கும் ஊர் இது. போதாக்குறைக்கு ட்ரோனைப் பார்த்தால் பறவைக்கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். இறகு, முட்டை, கூடு எதையும் நினைவாக எடுத்து வராதீர்கள். சட்டம் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

3. எவ்வளவு செலவாகும்?

பைனாகுலர்தான் பெரிய செலவு. 8×42 என்ற அளவில் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.) தொடக்க நிலைக் கருவி 7,000 முதல் 12,000 ரூபாய்க்குள் கிடைக்கும். 10×50 வாங்கினால் கை நடுங்கும், கழுத்தும் வலிக்கும். ஆயிரம் இரண்டாயிரத்துக்கு, பெட்டியில் பிரமாண்டமான எண்களை அச்சடித்து, "இரவிலும் தெரியும்" என்று விற்பவற்றின் பக்கம் போகாதீர்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள். அதுவரை நண்பரிடம் கடன் வாங்குங்கள்.

கேமரா கட்டாயமில்லை. பைனாகுலரின் கண்ணாடியோடு கைபேசியை ஒட்டிவைத்து எடுக்கும் மங்கலான படமே அடையாளத்துக்குப் பல நேரம் போதும். ஒரு சிறிய குறிப்பேடு, பென்சில் (மழையில் பேனா ஊறிவிடும்), கைபேசிக்கு நீர்புகா உறை, பவர் பேங்க், முழுப் பாதத்தையும் மூடும் காலணி, கொசுத் தைலம். செயலிகள் எல்லாம் இலவசம். பணம் கேட்டால் நீங்கள் வேறு எதையோ இறக்கியிருக்கிறீர்கள்.

4. செயலிகள்: வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள்

பறவைகளுக்கு ஈ-பேர்ட். அடையாளம் காண உதவிக்கு மெர்லின். இரண்டும் கார்னெல் பறவையியல் ஆய்வகத்துடையவை, ஒரே கணக்கு போதும். பறவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட்.

முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை இறக்கி வையுங்கள். கரையில் சிக்னல் இருக்கும், இல்லாமலும் போகும். இணையம் இல்லாமலேயே பட்டியல் எடுக்கலாம்; வீட்டுக்கு வந்து அனுப்பிக்கொள்ளலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. பெரும்பாலான சென்னை ஏரிகள் ஏற்கெனவே பொது இடங்களாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதையே தேர்ந்தெடுங்கள். "அம்மா வீட்டுப் பக்கத்து ஏரி" என்று நீங்களாகப் புதிதாக ஒரு புள்ளி வைத்தால் உங்கள் பட்டியல் அந்த ஏரியின் கணக்கில் சேராமல் தனியே நிற்கும். பெரும்பாக்கம் ஏரி வேறு, அதை ஒட்டிய சதுப்பு வேறு. எழுத்துக்கூட்டல் ஒன்றாகத் தெரிந்தாலும் வரைபடத்தில் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

மெர்லின் ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் வல்லூறு மாதிரி கத்திக் காட்டும். மனிதர்களே ஏமாறும் இடத்தில் கைபேசி ஏமாறாதா? கண்ணால் பார்க்காததை, காதால் நீங்களே உறுதிசெய்யாததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பறவையை வரவழைக்க அதன் குரலைப் போட்டுக்காட்டுவதும் கூடாது. வலசை வந்து களைத்திருக்கும் நேரம் அது.

5. எப்போது போவது?

இந்தப் பருவத்தில் நாள் தேர்வுதான் பாதி வேலை. ஆகஸ்ட் கடைசியிலேயே பொரி உள்ளானும் சாதா உள்ளானும் வந்திறங்கிவிடுகின்றன. செப்டம்பரில் தகைவிலான், மஞ்சள் வாலாட்டி, பழுப்புக் கீச்சான். அக்டோபரில் நீலச்சிறகி வாத்துகள் எட்டிப்பார்க்கும். நீலவால் பஞ்சுருட்டான்கள் மின்கம்பிகளில் வரிசை கட்டும். நவம்பரில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், அவற்றுக்கு மேலே தாழப் பறந்து எல்லோரையும் கிளப்பிவிடும் சேற்றுப் பூனைப்பருந்து.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முந்தைய ஐந்தாறு வாரங்கள்தான் கரையோரப் பறவைகளுக்குப் பொன்னான காலம். ஏரி வற்றிச் சேறு விரிந்துகிடக்கும். "நவம்பரில்தானே பறவை வரும்" என்று காத்திருப்பவர்கள் இதைக் கோட்டை விடுகிறார்கள். நல்ல மழை பெய்து ஏரி நிரம்பியதும் சேறு மூழ்கிவிடும். உள்ளான்கள் நீர் தேங்கிய காலி மனைகளுக்கும் வயல்களுக்கும் கலைந்துவிடும். அப்போது போய்ப் பார்த்துவிட்டு, பறவையே இல்லை என்று பதிவை நிறுத்துபவர்கள்தான் அதிகம். நிறுத்தக் கூடாது. மழைக்குப் பின் ஏரியில் எது இல்லை என்பதும் ஒரு தகவல். ஒவ்வொரு பட்டியலின் குறிப்பிலும் நீர்மட்டத்தை ஒரு வரி எழுதுங்கள்: "வடகோடியில் சேறு தெரிகிறது", "கரை தொட்டு நீர்", "பாதி ஏரி ஆகாயத்தாமரை". உங்கள் எண்ணிக்கை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று பின்னால் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரிதான் விளக்கம்.

நேரம்: சூரிய உதயம் ஏறக்குறைய ஆறு மணி. ஆறுக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். மாலை என்றால் நாலு மணி, நவம்பரில் 5.40-க்கே இருட்டத் தொடங்கிவிடும். வாரத்தில் எந்த நாள் என்பது உங்கள் வசதி. அதே நாள், அதே நேரம், அதே பாதை என்பதை மட்டும் விடாதீர்கள்.

தேதி குறித்துக்கொள்ள வேண்டியவை: அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம், அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம். அந்த நாட்களில் குழுவாக நடைகள் நடக்கும். புதியவர்கள் ஒட்டிக்கொண்டு கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு. 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் கட்டாயம் ஒரு பட்டியல் எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், பட்டியல்தான் இல்லை.

இடி இடிக்கும்போது கரையில் நிற்காதீர்கள். சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடம் அந்தக் கரைதான். துணைக்கு நிற்பவை பனைமரங்கள். புயல் எச்சரிக்கை நாளில் வீட்டில் இருங்கள். ஓய்ந்த மறுநாள் போகலாம். கடலுக்குள்ளேயே வாழும் பறவைகள் காற்றில் அடித்துவரப்படுவதுண்டு.

6. கரையில் நின்று எண்ணுவது

ஈ-பேர்ட் செயலியில் "தொடங்கு" என்பதை அழுத்தியதும் நேரமும் தூரமும் ஓடத் தொடங்கும். ஒரே இடத்தில் நின்றால் நின்ற வகை, நடந்தால் நடந்த வகை. ஏரி தாண்டி இன்னோர் ஏரிக்குப் போனால் புதுப் பட்டியல். ஒரு பட்டியல் குறைந்தது 15 நிமிடமாவது இருக்கட்டும். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீள வேண்டாம்.

பெரும்பாலானோர் விழும் பள்ளம் இது: பட்டியலை நிறுத்த மறந்து பஸ் ஏறிவிடுவார்கள். மேடவாக்கம் கூட்டுச்சாலை வரை போனதும் பார்த்தால், பதினொரு கிலோமீட்டர் "நடந்து" நாமக்கோழி எண்ணியதாகப் பதிவாகியிருக்கும். அனுப்பும் முன் தூரத்தையும் நேரத்தையும் கையால் திருத்திவிடுங்கள்.

முடிவில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று. "ஆம்" என்று சொல்லும் நிலையில்தான் பட்டியல் இருக்க வேண்டும். தெரியாத பறவை இருந்தால் பரவாயில்லை. தெரிந்த பறவையை, காகம்தானே என்று விட்டிருந்தால் "ஆம்" சொல்லக் கூடாது. எண்ணிக்கைக்குப் பதிலாக எக்ஸ் குறி போட அனுமதி உண்டு, கூடியவரை போடாதீர்கள். ஏறக்குறைய 40 என்ற மதிப்பீடு எக்ஸைவிட எவ்வளவோ மேல்.

கூட்டத்தை எண்ணும் முறை இது. சேற்றுத்திட்டில் நெடுங்கால் உள்ளான்கள் நெருக்கமாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்திலிருந்து பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்தும் பைனாகுலர் வட்டத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனதில் பிடித்துக்கொண்டு, வலப்பக்கமாக அதே அளவில் நகர்த்திப் பத்து, இருபது, முப்பது என்று போங்கள். கூட்டம் ஓரிடத்தில் அடர்ந்தும் இன்னோரிடத்தில் கலைந்தும் இருக்கும். அடர்ந்த இடத்தில் மட்டும் மறுபடி ஒருமுறை பத்தை எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே திசையில் நகருங்கள். வாத்துகள் கலந்து நின்றால் முதலில் மொத்தத்தை எண்ணிவிட்டு, பிறகு நூற்றுக்கு எத்தனை நீலச்சிறகி என்று பாருங்கள். பூனைப்பருந்து வந்து எல்லாம் எழும்பிவிட்டால் ஒரு படம் எடுத்துவைத்து வீட்டில் எண்ணலாம்.

நண்பர்களோடு போனால் ஒருவர் மட்டும் எழுதட்டும். மற்றவர்களுக்கு அதே பட்டியலைச் செயலியிலேயே பகிரலாம். மூன்று பேர் மூன்று பட்டியல் அனுப்பினால் ஒரே கூழைக்கடா மூன்றாகிவிடும்.

பள்ளிக்கரணையை ஊடறுத்துப் போகும் துரைப்பாக்கம், பல்லாவரம் இருநூறடிச் சாலையில் பறவைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். லாரிகளும் அதே தூரத்தில்தான் போகும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். பைனாகுலரில் பார்த்தபடி பின்னால் நகராதீர்கள்.

7. குழப்பும் பறவைகள்

இந்தப் பருவத்தில் புதியவர்களை அதிகம் திணற அடிப்பவை உள்ளான்கள். எல்லாம் பழுப்பு, எல்லாம் சேற்றில். மூன்றைப் பிரிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

சாதா உள்ளான் ஓரிடத்தில் சும்மா நிற்காது. பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். இறக்கையின் தோளுக்கு முன்னால் நெஞ்சின் வெள்ளை ஆப்புப் போல மேலேறியிருக்கும். கிளம்பினால் நீரை ஒட்டி, விறைத்த இறக்கையைப் படபடவென்று அடித்துப் போகும். இறக்கையில் வெள்ளைக் கோடு தெரியும். பொரி உள்ளானுக்கு முதுகு முழுவதும் பொரி தூவிய புள்ளிகள், கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும் வெள்ளைப் புருவம், மஞ்சள் படிந்த கால்கள். மூன்றாவதான கிரீன் சேண்ட்பைப்பர் என்ற உள்ளான் இதைவிடக் கருமை. புருவம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். பறக்கும்போது இறக்கையின் அடிப்புறம் கருப்பாகவும் பிட்டம் பளிச்சென்ற வெள்ளையாகவும் இருக்கும். ஓரத்துக் கால்வாயில் தனியாக நிற்பது பெரும்பாலும் இதுதான்.

உயரமான கால்களோடு, ஊசி மாதிரி நேரான மெல்லிய அலகு இருந்தால் மார்ஷ் சேண்ட்பைப்பர். அலகு தடித்து லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் பச்சைக்காலி. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் உள்ள குட்டிப் பறவை பட்டாணி உப்புக்கொத்தி.

வாத்துகளில், அக்டோபரில் வரும் ஆண்களும் பெட்டைகளைப் போலவே பழுப்பாக இருக்கும். புத்தகத்தில் ஆண் நீலச்சிறகிக்கு உள்ள வெள்ளைப் புருவத்தைத் தேடி ஏமாறாதீர்கள். நீலச்சிறகியின் முகத்தில் கருப்பும் வெளிறலுமாகக் கோடுகள் உண்டு. ஊசிவாலுக்குக் கோடில்லாத பழுப்புத் தலையும் நீண்ட கழுத்தும்.

மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறந்தால் வெள்ளை. அதைக் கொக்கு என்று எழுதிவிடுபவர்கள் நிறைய. இன்னும் புரியாவிட்டால் "உள்ளான் இனம்" என்று பொதுவாக எழுதும் வசதி செயலியில் இருக்கிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள், யாரும் மட்டமாக நினைக்க மாட்டார்கள்.

8. பறவை அல்லாதவை

ஐநேச்சுரலிஸ்டில் ஓர் உயிரினத்துக்கு ஒரு பதிவு; படமோ ஒலியோ ஆதாரமாக வேண்டும். தேதியும் இடமும் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். அதனால் கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த நகலை ஏற்றாதீர்கள், அதில் அந்த விவரங்கள் அழிந்துபோயிருக்கும்.

எதைத் தேடுவது? முதலில் தட்டான்கள். அக்டோபர், நவம்பரில் ஏரிக்கரைப் புல்வெளிக்கு மேலே பொன்மஞ்சள் தட்டான்கள் கூட்டமாக மிதக்கும். அவற்றில் பெரும்பாலானவை இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை போவதாக ஆய்வாளர்கள் கருதும் இனம். பறக்கும்போது படம் எடுக்க முடியாது. காலையில் வெயில் ஏறுமுன் காய்ந்த தண்டுகளில் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கண்களின் செம்பழுப்பும் இறக்கை நுனியின் சிறு பொட்டும் தெளிவாகத் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று எடுங்கள். கூட்டத்தின் மதிப்பீட்டையும் அவை போகும் திசையையும் குறிப்பில் எழுதுங்கள்.

முதல் கனமழை இரவில் தவளைகளின் கச்சேரி. படம் வேண்டாம், கைபேசியில் ஒலியைப் பதிந்தாலே போதும். இந்தியக் காளைத்தவளை என்ற பெரிய தவளையின் ஆண்கள் அந்த நாட்களில் எலுமிச்சை மஞ்சளாக மாறி, நீல நிறத் தொண்டைப்பையோடு வயலோரக் குட்டையில் கிடக்கும். பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

பால் ஆமையின் படத்தை ஏற்றும்போது இருப்பிடத்தை மறைத்துவிடுங்கள். செயலியில் அதற்கு வசதி உண்டு. திருடுபவர்களும் இணையம் பார்க்கிறார்கள். கூடு கட்டியிருக்கும் எதற்கும், பகலில் தூங்கும் ஆந்தைக்கும் இதே கவனம் தேவை. மீன்பிடிப்பவர் வலையிலிருந்து எடுத்து வீசும் சக்கர் மீனையும், யாரோ தொட்டியிலிருந்து கொண்டுவந்து விட்ட சிவப்புக் காது ஆமையையும் பதியுங்கள். வெளியூர் இனங்கள் எங்கெல்லாம் பரவியிருக்கின்றன என்பதற்கு அவை சாட்சி.

நீரில் நீந்துவது பெரும்பாலும் விஷமற்ற தண்ணீர்ப்பாம்புதான். கரையின் முட்புதரில் சுருண்டு கிடப்பது கண்ணாடி விரியனாக இருக்கலாம். கையால் புதரை விலக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அக்டோபரில் அடுக்குமாடி வராந்தாவில் வண்ணமயமான ஒரு குட்டிப் பறவை களைத்துக் கிடந்தால் அது ஆறுமணிக் குருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பதிவில் "களைத்த நிலையில்" என்று குறிப்பிடுங்கள்.

9. அன்றைக்கே அனுப்புங்கள், மின்னஞ்சலைப் பாருங்கள்

பட்டியலை அன்று மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் குறிப்பேட்டில் இருப்பது 17-ஆ 77-ஆ என்று நீங்களே விழிப்பீர்கள்.

வழக்கத்துக்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ இருந்தால் செயலி விளக்கம் கேட்கும். "நன்றாகப் பார்த்தேன்" என்று எழுதினால் பயனில்லை. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம், என்ன நிறம், என்ன அளவு, எதோடு ஒப்பிட்டு வேறு பறவை இல்லை என்று முடிவுசெய்தீர்கள், எண்ணிக்கை என்றால் எப்படி எண்ணினீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள்.

அதன்பிறகும் சரிபார்ப்பவரிடமிருந்து மின்னஞ்சல் வரலாம். சில வாரங்கள் கழித்துக்கூட வரும்; விளம்பரக் குப்பைக்குள் போய்விடுகிறதா என்று பாருங்கள். எழுதுபவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். கேள்வி கேட்டால் கோபித்துக்கொண்டு கணக்கை மூடியவர்களை எனக்குத் தெரியும், அவசியமே இல்லை. படம் இருந்தால் சேருங்கள். சந்தேகம் வந்தால் "இனம் தெரியவில்லை" என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் பதிவு உங்கள் கணக்கில் இருக்கும். பொதுத் தரவில் மட்டும் சேராது.

கார்த்திகை முடியும்போது அந்த ஏரிக்கு ஒரு தொடர் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் வருகின்றன. டிசம்பர் நடுவிலேயே ஒருங்கிணைப்பாளர்களுக்கு எழுதி, "இந்த ஏரியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் எல்லா ஏரியையும் பங்கு பிரித்திருப்பார்கள்.